செல்போனுக்குள் வந்த கல்லூரி

(பஞ்சாலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் குடும்பத்தோடு கூடியிருந்த மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"கொரோனா பேட்ச்" என்று ஒரு வசைச் சொல் நம் நாட்டில் பிறந்திருக்கிறது. உங்களில் பலர் வீட்டிலேயே அதைக் கேட்டிருப்பீர்கள். 2020-லும் 2021-லும் கல்லூரியில் படித்த பிள்ளை வேலை கேட்டுப் போனால், சான்றிதழில் உள்ள வருஷத்தைப் பார்த்துவிட்டு அங்கே இருப்பவர் சிரிக்கிறார். "ஓ, செல்போனில் படித்தவனா? பரீட்சை எழுதாமல் பாஸானவனா?" என்கிறார். பையன் தலையைக் குனிந்துகொண்டு வெளியே வருகிறான். அவன் செய்த குற்றம் என்ன? கல்லூரியை மூடியது அவனா? ஆசிரியரைக் கண்ணாடிச் சில்லுக்குள் அடைத்தது அவனா? இந்தக் கேள்விக்குத்தான் இன்று கொஞ்சம் விரிவாகப் பதில் தேடலாம் என்று வந்திருக்கிறேன். நான் பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆனால் அந்த இரண்டு வருஷமும் நம் பகுதிப் பிள்ளைகளோடு பேசிப் பேசித் தெரிந்துகொண்டது நிறைய உண்டு.

நடந்ததை முதலில் ஞாபகப்படுத்திக்கொள்வோம். 2020 மார்ச் மாத மத்தியில் கல்லூரிகள் மூடப்பட்டன. மார்ச் 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு. மில் சங்கு ஊதவில்லை, பஸ் ஓடவில்லை. நடுவில் சில வாரங்கள் திறந்து மூடிய கதையை விட்டுவிட்டால், தமிழ்நாட்டில் கல்லூரிகள் ஒழுங்காகத் திறந்தது 2021 செப்டம்பரில்தான். இந்த ஒன்றரை வருஷமும் வகுப்பு என்பது ஜூம், கூகுள் மீட் என்ற பெயர்களில் செல்போனுக்குள் நடந்தது.

இந்த யந்திரம் ஏதோ நேற்று வானத்திலிருந்து குதித்ததல்ல. முகம் பார்த்துப் பேசும் டெலிபோனை அமெரிக்காவில் 1964-லேயே ஒரு கம்பெனி கடை விரித்தது. நியூயார்க், சிகாகோ, வாஷிங்டன் ஆகிய மூன்று நகரங்களில் அதற்கென்று அறை கட்டினார்கள். மூன்று நிமிஷம் பேச 16 டாலர் முதல் 27 டாலர் வரை கட்டணம்! யார் போவார்கள்? வியாபாரம் படுத்துவிட்டது. பிறகு கம்பியும் கணினியும் மலிந்து, 2011-ல் எரிக் யுவான் என்பவர் ஜூம் கம்பெனியைத் தொடங்கினார். 2019 டிசம்பரில் அதன் கூட்டங்களில் ஒரு நாளைக்குச் சேர்ந்த தலைகள் ஒரு கோடி. 2020 ஏப்ரலில் முப்பது கோடி. (ஒரே ஆள் நாலு வகுப்பில் உட்கார்ந்தால் நாலு தலை என்று எண்ணுகிற கணக்கு இது, முதலில் முப்பது கோடி ஜனங்கள் என்றே சொல்லிவிட்டுப் பிறகு திருத்திக்கொண்டார்கள்.) 2020 ஜனவரியோடு முடிந்த கணக்காண்டில் கம்பெனியின் வரவு சுமார் 62 கோடி டாலர், அடுத்த ஆண்டு சுமார் 265 கோடி டாலர். ஊர் உலகமெல்லாம் கதவடைத்திருந்தபோது, ஒரு கதவு மட்டும் நன்றாகத் திறந்திருந்தது!

யந்திரம் எப்படி வேலை செய்கிறது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும், அதில்தான் பாதி சங்கதி இருக்கிறது. ஆசிரியருடைய படத்தையும் குரலையும் அது சிறு சிறு துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொன்றுக்கும் இலக்கமிட்டு அனுப்புகிறது. ஒரே ஆர்டருக்கான நூல் மூட்டைகளைப் பத்து லாரிகளில் ஏற்றி வெவ்வேறு ரோடுகளில் அனுப்புவதுபோல் வைத்துக்கொள்ளுங்கள். போய்ச் சேரும் இடத்தில் இலக்கப்படி அடுக்க வேண்டும். ஏழாவது லாரி மழையில் மாட்டிக்கொண்டால் என்ன ஆகும்? ஆசிரியர் வாயைத் திறந்தபடி சிலையாக நிற்பார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் வரும். "புரிந்ததா?" என்று அவர் கேட்பது நமக்கு இரண்டு விநாடி கழித்துக் கேட்கும், நாம் "இல்லை சார்" என்று சொல்வது அவருக்கு இன்னும் இரண்டு விநாடி கழித்துக் கேட்கும். அதற்குள் அவர், ஒருவரும் பேசவில்லையே, எல்லோருக்கும் புரிந்துவிட்டது போலும் என்று அடுத்த கணக்குக்குப் போய்விட்டிருப்பார். சந்தேகம் கேட்கிற பழக்கமே இப்படித்தான் செத்தது என்று பிள்ளைகள் சொன்னார்கள். நான் கேட்டவரை, எல்லாப் பிள்ளைகளும் முதலில் சொன்ன குறை இதுதான்.

லாரி ஓட ரோடு வேண்டுமல்லவா? அந்த ரோடு எத்தனை வீட்டு வாசல் வரை வந்திருந்தது? சர்க்காரே 2017-18-ல் எடுத்த தேசிய மாதிரி ஆய்வைப் பாருங்கள். கிராமப்புறத்தில் நூறு குடும்பங்களில் கம்ப்யூட்டர் இருந்தது 4.4-ல். நகர்ப்புறத்தில் 23.4-ல். இன்டர்நெட் வசதி கிராமத்தில் நூற்றுக்கு 14.9, நகரத்தில் 42. ஹைதராபாத் மத்தியப் பல்கலைக் கழகத்து ஆசிரியர்கள் 2020-ல் தங்கள் மாணவர்கள் சுமார் 2,500 பேரை விசாரித்தார்கள். நூற்றுக்குத் தொண்ணூறு பேரிடம் செல்போன் இருந்தது. ஆனால் ஆன்லைன் வகுப்பில் தங்களால் சேர முடியும் என்று சொன்னவர்கள் நூற்றுக்கு 37 பேர்தான்! போன் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போகிற அதிகாரிக்கு இந்த வித்தியாசம் தெரியுமா? போன் இருக்கும், ரீசார்ஜ் இருக்காது. ரீசார்ஜ் இருக்கும், சிக்னல் இருக்காது. எல்லாம் இருக்கும்; அந்தப் போன் அப்பாவின் சட்டைப் பையில், ஷிப்டுக்குப் போயிருக்கும்.

கூலிக் கணக்கில் பார்த்தால் இன்னும் தெளிவாகும். 2020-21-ல் நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் நிர்ணயித்த நாள் கூலி 256 ரூபாய். பத்தாயிரம் ரூபாய் போன் ஒன்று வாங்க 39 நாள் வேலை போதாது. நாற்பதாவது நாளும் மண் வெட்ட வேண்டும். மாதா மாதம் இருநூறு ரூபாய்க்கு ரீசார்ஜ் செய்தால் நாளொன்றுக்கு ஒன்றரை ஜி.பி. டேட்டா கிடைத்தது. படத்தோடு வகுப்பு நடந்தால் ஒரு மணிக்கு அரை ஜி.பி.யிலிருந்து ஒரு ஜி.பி. வரை தின்னும். கல்லூரிக்காரர்கள் வைத்ததோ நாளைக்கு நாலு வகுப்பு, ஐந்து வகுப்பு. மத்தியானத்துக்கு மேல் டேட்டா தீர்ந்துபோகும். வீட்டில் படிக்கிற பிள்ளைகள் இரண்டு பேர் என்றால்? யாருக்குப் போன்? நம் வீடுகளில் அநேகமாக அண்ணனுக்குத்தான் போயிற்று. தங்கை அடுப்படியில் நின்றாள். "பையன் படித்தால் சம்பாதிப்பான், நீ அப்புறம் நோட்ஸ் வாங்கி எழுதிக்கொள்" என்று சொன்னவர்கள் இந்தக் கூட்டத்திலும் இருக்கிறீர்கள். கோபித்துக்கொள்ள வேண்டாம். நடந்ததைச் சொல்கிறேன்.

பக்கத்து மில்லில் சைடராக இருக்கும் ஓர் அம்மாவின் மகள், லைன் வீட்டில் ஒரே அறை. பாட்டிக்கு இருமல், தம்பிக்கு விளையாட்டு, அடுத்த வீட்டில் டி.வி. அந்தப் பெண் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் குடையை விரித்து வைத்துக்கொண்டு பொருளாதாரம் படித்தாள். ஏன் குடை? வெயிலில் திரை தெரியாது. வாய்க்கால் பக்கத்து ஊர்ப் பையன் ஒருவன் சிக்னலுக்காக மேல்நிலைத் தொட்டியின் ஏணியில் பாதி ஏறி உட்கார்ந்து வகுப்பு கேட்டான். கீழே அவன் அம்மா நின்றுகொண்டு "இறங்குடா சாமி" என்று கத்தினாள். வாத்தியார் காதில் அதுவும் விழுந்ததாம். "யார் வீட்டில் சத்தம்? மைக்கை மூடு" என்றாராம்.

சர்க்கார் ஒன்றும் செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. 2011-ல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் பிளஸ் டூவில் வாங்கிய கணினி எத்தனையோ ஏழைப் பிள்ளைகளுக்கு அந்த நாளில் கை கொடுத்தது. 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை கல்லூரி மாணவர்கள் சுமார் 9 லட்சத்து 69 ஆயிரம் பேருக்கு நாளைக்கு 2 ஜி.பி. இலவச டேட்டா கார்டு என்று தமிழ்நாடு அரசு அறிவித்தது. நல்ல காரியம்தான். ஆனால் கல்லூரி மூடியது எப்போது? 2020 மார்ச்! பத்து மாதம் கழித்து வந்த மழை எந்தப் பயிருக்கு?

நம் கஷ்டத்தைச் சொல்லும்போது காஷ்மீர் மாணவர்களை மறந்துவிடக் கூடாது. 2019 ஆகஸ்டில் அங்கே இன்டர்நெட்டை அடியோடு நிறுத்தினார்கள். பிறகு மெதுவாக ஊர்கிற 2ஜி மட்டும் கொடுத்தார்கள். பெரும்பாலான மாவட்டங்களுக்கு 4ஜி திரும்பி வந்தது 2021 பிப்ரவரியில். நாடெல்லாம் படம் பார்த்துப் படித்தபோது, அந்தப் பிள்ளைகள் ஆசிரியரின் படம் துண்டு துண்டாக வந்து சேரும் வரை காத்துக்கிடந்தார்கள். 2020 நவம்பரில் தில்லியில் படித்துவந்த தெலுங்கானா மாணவி ஒருத்தி, படிப்புச் செலவு வீட்டுக்குப் பாரமாகிவிட்டதே என்ற வேதனையில் உயிரை விட்டாள். மடிக்கணினி வாங்க வழியில்லாமல் தவித்தாள் என்று வீட்டார் சொன்னார்கள். நன்றாகப் படிக்கிற பெண். இதற்கு மேல் அதைப் பற்றிப் பேச எனக்கு மனம் வரவில்லை.

காமிராவை ஏன் மூடினார்கள்?

"பிள்ளைகள் காமிராவை மூடிவிட்டுத் தூங்கினார்கள்" என்பது பொதுவாகச் சொல்லப்படும் புகார். தூங்கியவர்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் எல்லோருமா? அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக் கழகத்தில் இரண்டு பேர், உயிரியல் வகுப்பு மாணவர்கள் 276 பேரை விசாரித்து 2021-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். காமிராவை மூடியதற்குப் பிள்ளைகள் அதிகமாகச் சொன்ன காரணம், தங்கள் தோற்றத்தைப் பற்றிய கூச்சம். பின்னால் வீட்டு மனிதர்களும் வீடும் தெரிகிறதே என்பது இன்னொரு காரணம். இணைப்பு பலவீனம் என்பது மற்றொன்று. பணக்கார நாட்டில், பெயர்பெற்ற கல்லூரியிலேயே இப்படி என்றால், ஓலைக் கூரையும் கொடியில் தொங்கும் கந்தலும் பின்னால் தெரிய உட்கார வேண்டிய நம் பிள்ளை என்ன செய்வான்? கல்லூரிக்குப் போகும்போது இஸ்திரி போட்ட சட்டையில் எல்லோரும் சமம்போல் உட்கார்ந்திருப்பார்கள். காமிரா வீட்டுக்குள் நுழைந்ததும் சேரி தெரிந்தது, சந்து தெரிந்தது, ஏழ்மை தெரிந்தது. வகுப்பறையின் நாலு சுவர் பிள்ளைக்கு ஒரு மறைப்பாகவும் இருந்தது என்பது, அது இல்லாமற் போனபோதுதான் தெரிந்தது.

அலுப்பும் கொஞ்சநஞ்சமல்ல. "உட்கார்ந்த இடத்தில் படிக்கிறான், என்ன களைப்பு?" என்று நாம் கேட்டோம். ஸ்டான்போர்டு பல்கலைக் கழகத்து பெய்லன்சன் என்ற பேராசிரியர் 2021-ல் இதற்குக் காரணங்கள் எழுதினார். முகங்கள் மிக நெருக்கத்தில் இடைவிடாமல் நம்மையே பார்ப்பதுபோல் இருப்பது. நாள் முழுவதும் தன் முகத்தைத் தானே கண்ணாடியில் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருப்பது. அசையாமல் ஒரே இடத்தில் கட்டிப்போட்டதுபோல் இருப்பது. சாதாரணமாகத் தலையசைப்பிலும் கண்ணசைப்பிலும் புரிந்துகொள்வதைப் பிரயாசைப்பட்டுப் புரிந்துகொள்ள வேண்டியிருப்பது. ரிங் பிரேமில் எட்டு மணி நேரம் நடக்கிறவருக்கும் அசதி உண்டு, ஒரே ஸ்டூலில் அசையாமல் உட்கார்த்தி வைத்தாலும் அசதி உண்டு. இரண்டும் அனுபவித்தவர்கள் நீங்கள்.

ஆசிரியர் பக்கத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். அறுபது கறுப்புக் கட்டங்களைப் பார்த்து ஒரு மனிதன் எப்படிப் பாடம் சொல்வான்? தன் சொந்தப் போன், சொந்த டேட்டா. அதற்கு மேல் பல தனியார் கல்லூரிகளில் சம்பளத்தில் வெட்டு. முன்னால் உட்கார்ந்திருக்கும் பையன் புருவத்தைச் சுருக்கினால் பாடத்தைத் திருப்பிச் சொல்கிற ஆசிரியர்கள் இருக்கிறார்களே, அவர்களுக்கு இது கண்ணைக் கட்டிவிட்டது போலாயிற்று.

கையால் கற்கிற படிப்பு இருக்கிறதே, அதன் கதி இன்னும் மோசம். பாலிடெக்னிக், இன்ஜினியரிங், ரசாயனம், நர்சிங் இதெல்லாம் பார்த்துப் படிக்கிற வித்தையா? கடைசல் யந்திரம் சுற்றுவதை வீடியோவில் பார்த்தே ஒரு பருவம் முடிந்துவிட்டது. அறுந்த இழையைப் பிடித்து ஓடுகிற ஸ்பிண்டிலில் ஒட்டுவதைச் செல்போனில் பார்த்து யாராவது கற்றுக்கொள்ள முடியுமா, சொல்லுங்கள்? நாற்று நடவை? எத்தனை விரல், எவ்வளவு ஆழம் என்பதைச் சேற்றில் கால் வைத்தவனல்லவா அறிவான்! "கொரோனா பேட்ச்" என்று சிரிக்கிற ஆபீசர், அந்தப் பையனை ஆறு மாதம் யந்திரத்தில் நிறுத்திப் பழக்கினால் அவன் கற்றுக்கொள்கிறானா இல்லையா என்று பார்க்கட்டும். விட்டுப்போன பயிற்சியைக் கொடுப்பதை விட்டுவிட்டு, விட்டுப்போனதைச் சொல்லிக் கூலியைக் குறைப்பது எந்த நியாயம்? அப்படி எங்காவது குறைத்தால் சங்கத்துக்கு வந்து சொல்லுங்கள்.

கட்டணமாவது குறைந்ததா? லேப் கிடையாது, பஸ் கிடையாது, நூலகம் கிடையாது. ஆனால் பணம் கேட்டுக் குறுஞ்செய்தி மட்டும் தவறாமல் வந்தது. 2020 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் தனியார் கல்வி நிலையங்கள் முதல் தவணையாக 40 சதவிகிதம் வாங்கிக்கொள்ளலாம் என்று உத்தரவிட்டது. மில் மூடிக்கிடந்த மாதங்களில் அந்த நாற்பதுக்கும் தாலிக்கொடி அடகுக் கடைக்குப் போயிற்று.

பரீட்சையும் காவல்காரனும்

இனிப் பரீட்சை. 2021 பிப்ரவரியில் அண்ணா பல்கலைக்கழகம் ஆன்லைனில் செமஸ்டர் பரீட்சை வைத்தது. பிள்ளையைக் காவல் காத்தது மனிதன் அல்ல, காமிராவும் ஒரு மென்பொருளும். கண் அங்கே இங்கே திரும்பினால் அது குறித்துக்கொள்ளும். ஒற்றை அறை வீட்டில் கண் திரும்பாமல் இருக்குமா? கதவு தட்டுவார்கள், குழந்தை அழும், கரண்ட் போகும். முடிவு வந்தபோது ஏராளமானவர்கள் தோல்வி. பலருடைய முடிவுகள் நிறுத்திவைப்பு. எங்கும் கூக்குரல். அந்த மே மாதம் பதவிக்கு வந்த புதிய அரசு மறுதேர்வு என்று அறிவித்தது. பிள்ளைகள் சும்மா இருந்திருந்தால் அது வந்திருக்குமா என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் கிளீவ்லாந்து மாநிலப் பல்கலைக் கழகத்தில் இன்னொரு சங்கதி. பரீட்சைக்கு முன் காமிராவைச் சுழற்றித் தன் படுக்கையறை முழுவதையும் காட்டச் சொன்னார்கள் ஒரு மாணவனிடம். காட்டினான், பிறகு வழக்குப் போட்டான். என் வீட்டுக்குள் எட்டிப் பார்க்க உனக்கு ஏது அதிகாரம் என்று கேட்டான். 2022 ஆகஸ்டில் கூட்டாட்சி நீதிபதி, இப்படி அறையைத் துழாவுவது அந்நாட்டு அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று தீர்ப்புச் சொன்னார். மில் கேட்டில் சோதனை போடும்போது கூசுகிற உடம்பு நமக்கு உண்டு. அந்தச் சோதனை வீட்டுக்குள்ளேயே வந்ததை நாம் அந்த அவசரத்தில் கவனிக்கவில்லை.

ஆனால் தோழர்களே, யந்திரத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டுப் போவது நம் வழக்கமல்ல. இதனால் பிழைத்தவர்களும் உண்டு. நடக்க முடியாத மாணவன் ஒருவன், மூன்றாவது மாடி வகுப்புக்கு ஏறாமல் முதன்முறையாக ஒரு பருவம் முழுவதும் ஒரு நாள்கூடத் தவறவில்லை என்று என்னிடம் சொன்னான். பதிவு செய்த பாடத்தை மூன்று முறை ஓட்டிப் பார்த்து இங்கிலீஷ் புரிந்துகொண்ட தமிழ்வழிப் பிள்ளைகள் இருக்கிறார்கள். பகலில் வேலைக்குப் போய்விட்டு இரவில் அதே பாடத்தைக் கேட்டவர்களும் இருக்கிறார்கள். தில்லிப் பல்கலைக் கழகம் 1962-லேயே தபால் மூலம் படிப்பு நடத்தத் தொடங்கிவிட்டது. கல்லூரிக்குப் போக முடியாதவனைத் தேடிக் கல்வி போவது நல்லதுதான். போக முடிந்தவனையும் போகாதே என்று நிறுத்துவதுதான் வேறு விஷயம்.

இன்னொன்றும் நடந்தது. 2021 ஏப்ரலில் கரக்பூர் ஐ.ஐ.டி.யில், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவர்களும் உடல் ஊனமுற்ற மாணவர்களும் படிக்கிற ஆயத்த வகுப்பில், ஒரு பேராசிரியை வாய்க்கு வந்தபடி வைதார். ஆன்லைன் வகுப்பு. அது பதிவாகி வெளியே வந்து, நாடே கேட்டது. அவரைத் தற்காலிகமாக வேலைநீக்கம் செய்தார்கள். நாலு சுவருக்குள் இத்தனை காலம் எத்தனை பிள்ளைகள் இப்படிக் கேட்டுக்கொண்டு ஊமையாக இருந்தார்களோ! மாணவனை வேவு பார்த்த அதே காமிரா அன்றைக்கு இந்தப் பக்கமும் திரும்பியது.

இதெல்லாம் முடிந்துபோன கதையல்லவா என்று கேட்கலாம். முடியவில்லை. 2021 மே மாதத்தில் பல்கலைக் கழக மானியக் குழு ஒரு யோசனை அறிக்கை வெளியிட்டது: ஒவ்வொரு பாடத்திலும் 40 சதவிகிதம் வரை ஆன்லைனில் நடத்த அனுமதிக்கலாம் என்று. நோய்க்காக வந்தது, செலவு மிச்சத்துக்காகத் தங்கப் பார்க்கிறது. கட்டிடம் வேண்டாம், ஆசிரியர் எண்ணிக்கை வேண்டாம், ஒருவர் பேசினதைப் பதிவு செய்து ஆயிரம் பேருக்கு ஓட்டினால் போதும் என்று கணக்குப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். 2024 நவம்பரில் தில்லியில் புகைமூட்டம் தாங்க முடியாமல் போனபோது, தில்லிப் பல்கலைக் கழகமும் ஜவாஹர்லால் நேரு பல்கலைக் கழகமும் சில நாள் வகுப்பை ஆன்லைனுக்கு மாற்றின. நாளைக்கு இங்கே வெள்ளம் வரலாம், புயல் வரலாம். உடனே லிங்க் அனுப்பிவிடுவார்கள்.

அப்போது கல்லூரியில் போய் என்ன கேட்பது? போன் இல்லாத பிள்ளைக்கு என்ன ஏற்பாடு என்று கேளுங்கள். வகுப்பைப் பதிவு செய்து கொடுப்பீர்களா, குரல் மட்டும் கேட்கிற மாதிரி டேட்டா குறைவாகச் செலவாகும் வழி உண்டா என்று கேளுங்கள். காமிரா போடாததற்கு வருகைப் பதிவை வெட்டக் கூடாது என்று எழுதி வாங்குங்கள். லேப் வகுப்பை எந்தத் தேதியில் ஈடு செய்வீர்கள் என்று தேதியையே கேளுங்கள். "பார்க்கலாம்" என்ற பதிலை வாங்கிக்கொண்டு வராதீர்கள். தனியாகப் போனால் வாட்ச்மேனே திருப்பி அனுப்பிவிடுவார். பத்துத் தாய்மார்கள் சேர்ந்து போங்கள்.

நம் பங்குக்கு ஒன்று. சங்க அலுவலகத்தின் மாடியறை மாலை ஆறு மணி வரை காலியாகத்தான் கிடக்கிறது. இரண்டு மேஜை இருக்கிறது, மின்விசிறி ஒன்று ரிப்பேர். நல்ல இணைப்பு ஒன்று வாங்கிப் போட்டால், வீட்டில் இடமில்லாத பிள்ளைகள், முக்கியமாகப் பெண் பிள்ளைகள், அங்கே உட்கார்ந்து படிக்கலாம். மாதம் எவ்வளவு ஆகும் என்று செயலாளர் விசாரித்துக்கொண்டிருக்கிறார். அடுத்த கூட்டத்தில் கணக்கு வைப்பார். மின்விசிறி தெரிந்த தோழர் யாராவது இருந்தால், போகும்போது என்னைப் பார்த்துவிட்டுப் போங்கள்.